இதய மாத்திரை சிறுநீரகத்தைக் காப்பது எப்படி?

"எனக்கு இதய நோய் இல்லையே, இந்த மாத்திரை எதற்கு?" நீரிழிவு நோயாளர்கள் எங்களிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. இந்த ஐயத்தால் சிலர் மருந்தைத் தாமாகவே நிறுத்திவிடுகின்றனர். சிறுநீரகமோ வலி ஏதுமின்றிப் பழுதடைந்துகொண்டே இருக்கும்.

ஒவ்வொரு சிறுநீரகத்திலும் ஏறத்தாழ 10 லட்சம் நுண்ணிய வடிகட்டிகள் உள்ளன. இரத்தத்தில் சர்க்கரை மிகும்போது, வடிகட்டிக்குள் இரத்தத்தைக் கொண்டுவரும் நுண்குழாய் விரிகிறது. வெளியே கொண்டுசெல்லும் நுண்குழாய் சுருங்குகிறது. உள்ளே அழுத்தம் கூடுவதால் வடிகட்டியின் சுவர் சேதமுற்று, அல்புமின் என்னும் புரதம் சிறுநீரில் கசிகிறது.

வெளிக்குழாயைச் சுருக்குவது ஆஞ்சியோடென்சின் என்னும் பொருள். எனலாப்ரில், ராமிப்ரில் போன்ற மருந்துகள் அது உருவாவதைக் குறைக்கின்றன. லோசார்டான், டெல்மிசார்டான் போன்றவை அதன் செயலைத் தடுக்கின்றன. இவை இரத்த அழுத்தத்திற்கும் இதயத்திற்கும் தரப்படுபவையே. ஆயினும் வடிகட்டியின் உள்ளழுத்தத்தைத் தணித்து, புரதக் கசிவையும் குறைக்கின்றன. முதல் வகை நீரிழிவால் சிறுநீரகம் பாதிக்கப்பட்டோரிடம் நடத்தப்பட்டு 1993-இல் வெளியான ஆய்வில், மரணம், டயாலிசிஸ், சிறுநீரக மாற்று ஆகியவற்றில் ஒன்று நேரும் வாய்ப்பைக் கேப்டோபிரில் பாதியாகக் குறைத்தது. இரண்டாம் வகையினரிடம் லோசார்டானும் இர்பெசார்டானும் சிறுநீரகச் சிதைவைத் தாமதப்படுத்துவதை 2001-இல் வெளியான ஆய்வுகள் காட்டின.

நீரிழிவு உள்ள அனைவருக்கும் இம்மருந்து தேவைப்படுவதில்லை. ஆண்டுதோறும் சிறுநீரில் அல்புமின், கிரியேட்டினின் விகிதத்தைப் பரிசோதிக்க வேண்டும். அது 30 மில்லிகிராமுக்கு மேல் தொடர்ந்து இருந்தாலோ, இரத்த அழுத்தம் உயர்ந்திருந்தாலோ மருத்துவர் இதைப் பரிந்துரைப்பார்.

கவனத்தில் கொள்ள வேண்டியவை:

• மருந்து தொடங்கிய சில வாரங்களில் கிரியேட்டினின், பொட்டாசியம் பரிசோதனை அவசியம். கிரியேட்டினின் சிறிது உயர்வது எதிர்பார்க்கப்படுவதே; அதைக் கண்டு அஞ்சி மருந்தை நிறுத்த வேண்டாம்.
• வறட்டு இருமல் தொடர்ந்தால் தெரிவியுங்கள். மாற்று மருந்து உண்டு. முகமோ உதடோ வீங்கினால் உடனே அவசரப் பிரிவுக்கு வாருங்கள்.
• கருவுற்றோர் இம்மருந்துகளை உட்கொள்ளலாகாது. கருவுறத் திட்டமிடுவோர் முன்னரே மருத்துவரிடம் கூறவேண்டும்.
• கடும் வாந்தி, வயிற்றுப்போக்கின்போது மருந்தைத் தொடரலாமா என மருத்துவரை உடனே கேளுங்கள்.
• வலிநிவாரணி மாத்திரைகளையும் பொட்டாசியம் கலந்த மாற்று உப்பையும் தாமாகப் பயன்படுத்த வேண்டாம்.

இல்லத்தாருக்கு ஒரு வேண்டுகோள். இம்மாத்திரை தரும் நன்மை கண்ணுக்குத் தெரியாதது. அதனால்தான் எளிதில் கைவிடப்படுகிறது. அடுத்த முறை வரும்போது மருந்துச்சீட்டையும் பரிசோதனை முடிவுகளையும் உடன் கொண்டுவாருங்கள். ஐயங்களை நாம் சேர்ந்தே தீர்த்துக்கொள்வோம்.