அழுகைக்குப் பணிந்தால் அடம் வளரும்

மூன்று வயதுக் குழந்தை செல்போன் கேட்டு அழுகிறது. "தர மாட்டேன்" என்கிறோம். தரையில் புரண்டு கத்துகிறது. பக்கத்து வீட்டுக்குக் கேட்குமே என்று கையில் கொடுத்துவிடுகிறோம். அழுகை சட்டென்று நிற்கிறது, நமக்கும் நிம்மதி. ஆனால் எவ்வளவு கத்தினால் கிடைக்கும் என்பதைக் குழந்தை கற்றுக்கொண்டுவிட்டது. அமெரிக்க உளவியலாளர் ஜெரால்ட் பேட்டர்சன் குடும்பங்களை அவர்கள் வீட்டிலேயே கவனித்து, பிள்ளைகளின் முரட்டுத்தனம் இப்படித்தான் படிப்படியாக வளர்கிறது என்று 1982-ல் புத்தகமே எழுதினார்.

தருவதாக இருந்தால் அழும் முன்பே தந்துவிடுங்கள். இல்லையென்றால் கடைசிவரை இல்லைதான். அம்மா மறுத்ததைப் பாட்டி ஒளித்துக் கொடுக்கக் கூடாது. இதைப் பெரியவர்களிடம் பிள்ளை தூங்கியபின் பக்குவமாகப் பேசிக்கொள்ளுங்கள்.

அடி வேண்டவே வேண்டாம். அப்போதைக்கு அடங்கும், பிறகு பிள்ளையின் கை தம்பி மேல் ஓங்கும். ஸ்வீடன் 1979-லேயே பெற்றோர் அடிப்பதைச் சட்டப்படி தடை செய்துவிட்டது.

அடிக்குப் பதில் சொல்லும் விதத்தை மாற்றுங்கள். "ஓடாதே" என்பதைவிட "என் கையைப் பிடிச்சுக்கிட்டு நட" என்று சொன்னால் சின்னப் பிள்ளைக்குப் புரியும். சாப்பிட்ட தட்டைத் தானே எடுத்துப்போய் வைத்தால், அந்த நொடியே "அட, நீயே கொண்டுவந்து வச்சிட்டியா!" என்று கட்டிக்கொள்ளுங்கள்.

நீங்கள் உறுதியாக இருக்கத் தொடங்கியதும் முதல் சில நாள் அழுகை கூடத்தான் செய்யும். அந்த நாட்களில் மட்டும் இறங்கி வந்துவிடாதீர்கள்.