'நைஸ்' என்னும் சொல்

ஆங்கிலம் பேசும்போது ஒரு நாளில் எத்தனை முறை 'நைஸ்' என்கிறோம்! உணவும் நைஸ், உடையும் நைஸ், தோழியும் நைஸ். இச்சொல்லின் பிறப்பை அறிந்தால் வியப்பே மேலிடும்.

'அறியாதவர்' எனப் பொருள்படும் 'நெஸ்கியுஸ்' என்ற லத்தீன் சொல்லே இதன் வேர். பிரெஞ்சு மொழி வழியாக 1300-ஆம் ஆண்டையொட்டி ஆங்கிலத்தில் புகுந்தபோது இதற்கு 'மூடத்தனமான' என்று பொருள். பின்னர் 'எளிதில் திருப்தியடையாத', 'நுட்பமான' என்றெல்லாம் மாறி, 18-ஆம் நூற்றாண்டில் 'இனிய' என்றாயிற்று. "மாவை நைசாக அரை" என்று நம் வீடுகளில் சொல்லும்போது அந்த நுண்மை தொனிக்கிறது. "நைசாக நழுவினாள்" என்பதிலோ தந்திரம் கலந்துவிட்டது!

1817 டிசம்பரில் வெளிவந்த ஜேன் ஆஸ்டினின் 'நார்த்தாங்கர் அபே' நாவலில், ஒரு நூலை 'நைஸ்' என்று புகழும் காதரினை ஹென்றி டில்னி கேலி செய்கிறான். எதற்கும் பொருந்தும் சொல்லாம் அது!

அக்கேலியில் பாடம் உண்டு. எல்லாருக்கும் பொருந்தும் புகழ்ச்சி ஒருவருக்கும் உரியதன்று. மாணவியரே, தோழியைப் பற்றி எழுதுகையில் அவள் பொறுமைசாலியா, கொடையுள்ளம் கொண்டவளா, வாய்மை தவறாதவளா என்று எண்ணிப் பார்த்து, அதற்குரிய சொல்லை எழுதுங்கள். அதற்கு அவளைச் சற்றே உற்று நோக்க வேண்டும். அதுவும் அன்பின் ஒரு செயலே.