முகவர் நிலையத்து நேர்முகப் பரீட்சைக்குப் போகுமுன்

வெளிநாட்டு வேலைக்கான நேர்முகப் பரீட்சை என்றதும், கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லிவிட்டு வருவதே முறை என்று எமது கிராமங்களில் பலர் நினைக்கிறார்கள். நாமும் கேட்க வேண்டிய கேள்விகள் உண்டு.

முதலில் முகவரின் அனுமதிப்பத்திர இலக்கத்தை அறிவோம். 1985ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டப்படி, வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் அனுமதிப்பத்திரம் இன்றி எவரும் இத்தொழிலை நடத்த முடியாது. 1989 என்ற இலக்கத்துக்குத் தொலைபேசி எடுத்துப் பணியகத்திடமே விசாரிக்கலாம். வீடு தேடி வரும் தரகர் ஊரவர் என்பது அனுமதிப்பத்திரம் ஆகாது.

மேசன் வேலைக்குப் போகிறவரிடம் எங்கே, எத்தனை வருடம், என்ன வேலை செய்தீர் என்று கேட்பார்கள். செய்துகாட்டவும் சொல்லலாம். உள்ளதையே சொல்லுங்கள். கையாளாக நின்றவர் மேசன் என்று பதிந்து போனால் முதல் வாரத்திலேயே தெரிந்துவிடும். நகையை அடைவு வைத்த கடனோ வீட்டார் தலையில் விழும்.

அடுத்தது எமது முறை. அடிப்படைச் சம்பளம் எவ்வளவு? சாப்பாடும் தங்குமிடமும் அதற்குள்ளா, வேறா? மேலதிக நேரத்துக்கு என்ன கொடுப்பார்கள்? ஒப்பந்தம் எத்தனை வருடம்? வாய்ப்பேச்சு போதாது, ஒப்பந்தத்தில் காட்டச் சொல்லுங்கள். தமிழில் விளங்கப்படுத்தும்வரை ஒப்பமிட வேண்டாம். வெற்றுத்தாளில் ஒருபோதும் வேண்டாம். கொடுக்கும் பணத்துக்குப் பற்றுச்சீட்டு வாங்கி, பிரதியை வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள்.

"சுற்றுலா விசாவில் போங்கள், அங்கே மாற்றித் தருவோம்" என்றால் எழுந்து வந்துவிடுங்கள். பணியகத்தில் பதியாமல் போனவருக்கு அதன் காப்புறுதியும் கிடையாது.