திரும்பி வரும் பிள்ளை

கல்முனைக் கரையோரத்தில் ஒரு பிள்ளையை முதல் தடவை உளமருத்துவ கிளினிக்குக்குக் கொண்டுவர ஒரு சின்னப் பயம் போதும். பள்ளிக்கூடத்தில் அதிபர் கூப்பிட்டு ஏதாவது சொல்லியிருப்பார். அல்லது மச்சாளுடைய பிள்ளை அதே வயதில் சூறா ஓதத் தொடங்கியிருக்கும். இரண்டாவது தடவை வருவதுதான் பெரிய காரியம். முதல் நாள் நான் சரியான நோயைக் கண்டுபிடித்தேனா என்பதைவிட இந்தக் குடும்பம் அடுத்த மாதம் வருமா என்பதுதான் இப்போதெல்லாம் என் கவலை. மருதமுனையிலிருந்து பொத்துவில் வரைக்கும் உள்ள ஊர்களுக்கு வேலைக்கு வரும் இளம் வைத்தியர்கள் யோசனை கேட்டால் அந்த இடத்திலிருந்தே தொடங்குவேன்.

முதலில், பிள்ளையை வளர்ப்பது யார் என்று பாருங்கள். இந்தப் பக்கம் கல்யாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண்வீட்டுக்கு வருவார். வீடு மகளுக்குச் சீதனமாகப் போகும். அதனால் ஒரே வளவுக்குள் உம்மா, சாச்சிமார், உம்மம்மா என்று பெண்கள் நிறைந்திருப்பார்கள். கிளினிக்கில் கதிரையில் இருந்து பேசுவது உம்மா. பின்னால் பேசாமல் நிற்கும் உம்மம்மாதான் நாளைக்கு மாத்திரை கொடுப்பதா வேண்டாமா என்று முடிவெடுப்பவர். 'பிள்ளைக்கு யார் சோறு தீத்துற? இரவைக்கு யார்ட பக்கத்தில படுக்கிற?' என்ற இரண்டு கேள்விகளில் ஆள் தெரிந்துவிடும். தெரிந்தவுடன் அவருக்கும் ஒரு கதிரை போடச் சொல்லுங்கள். கேட்கச் சின்ன விஷயம். ஆனால் நிற்கவைத்த மனிதர் வீட்டுக்குப் போய் நம் பக்கம் பேசமாட்டார்.

பேச்சு வராத பிள்ளைகள்தான் இங்கே அதிகம் வருகிறார்கள். மூன்று வயதுப் பையனைக் கொண்டுவந்து, "இவர் கதைக்கார் இல்ல டொக்டர். வாப்பாவும் பிந்தித்தான் கதைச்சவராம், மாமி சொல்ற" என்பார்கள். நான் மேசையில் ஒரு விளையாட்டுக் கார் வைப்பேன். பையன் அதை ஓட்டமாட்டான். கவிழ்த்துப்போட்டு ஒரு சில்லை மட்டும் விரலால் சுற்றிக்கொண்டிருப்பான். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பமாட்டான். முதுகுக்குப் பின்னால் டொபித் தாளைக் கசக்கினால் உடனே திரும்புவான். கேட்கிறது என்று அதை வைத்தே எழுதிவிடக் கூடாது, காதுப் பரிசோதனைக்கு அனுப்பத்தான் வேண்டும். அதற்குள் வீட்டாரிடம் இன்னொன்று கேட்பேன்: வேண்டிய சாமானை விரலால் காட்டுவாரா, உங்கள் கையைப் பிடித்துக் கொண்டுபோய் அதில் வைப்பாரா? உம்மா உம்மம்மாவைப் பார்ப்பார். "கையப் புடிச்சி இழுத்துக்கு போவார். விரலால காட்டுற இல்ல." இதைச் சொல்லும்போதே அவர்கள் எதையோ புதிதாகப் பார்த்துவிடுகிறார்கள்.

ஓட்டிசம் என்ற பெயரை முதல் நாளே சொல்வதா என்று எங்களுக்குள் வாதம் உண்டு. எனக்குச் சந்தேகமில்லை என்றால் அன்றைக்கே சொல்லிவிடுவேன். நாம் சொல்லாவிட்டால் இரவு யூடியூப் சொல்லும், கூடவே அதைக் 'குணப்படுத்தும்' பத்துப் பேரின் தொலைபேசி இலக்கங்களையும் கொடுக்கும். ஆனால் வீட்டில் செய்யும் வேலை ஒன்றே ஒன்றுதான் கொடுக்க வேண்டும். சோறு தீத்தும்போது போனை மறைத்துவிட்டு, பிள்ளையின் முகத்துக்கு நேரே இருந்து, அவன் பார்க்கும் வரை கரண்டியைப் பிடித்துக்கொண்டிருப்பது, அவ்வளவுதான். ஐந்து பயிற்சி எழுதிக் கொடுத்தால் ஒன்றும் நடக்காது. ஒன்றும் செய்யவில்லை என்ற வெட்கத்தில் அவர்கள் அடுத்த மாதம் வரவும்மாட்டார்கள்.

வராதவர்களைத் திரும்பக் கொண்டுவருவதில் என் தொலைபேசியைவிட மிட்வைஃப் கெட்டிக்காரி. அந்த வீட்டுக்குள் அவர் கர்ப்பகாலத்திலேயே போனவர். தடுப்பூசி போட்ட பிள்ளை எந்த மாதத்தில் சிரித்தது, எந்த மாதத்தில் நடந்தது என்றெல்லாம் வளர்ச்சிப் பதிவேட்டிலிருந்து அவருக்குத் தெரியும். புதிதாக ஓர் ஊருக்குப் போகும் வைத்தியர் முதல் கிழமையில் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்குப் போய் மிட்வைஃப்மாரோடு ஒரு தேத்தண்ணி குடித்தால் போதும், ஒரு வருடத்துக்கு அதன் பலன் இருக்கும்.

கிளினிக்கின் பெயர்ப்பலகை விஷயத்தையும் கவனியுங்கள். இலங்கையில் 'அங்கொடை' என்ற ஊர்ப் பெயரே வசவாகிப்போனது, மனநல வைத்தியம் என்றாலே அங்குள்ள ஆஸ்பத்திரிதான் என்று நெடுங்காலம் இருந்ததால். 2005இல் வந்த தேசிய மனநலக் கொள்கைதான் சேவையை மாவட்டங்களுக்கு விரிக்க வழிசெய்தது. வசவு இன்னும் போகவில்லை. சிறுபிள்ளை வைத்திய கிளினிக் நடக்கும் நாளில் நம் கிளினிக்கும் பக்கத்து அறையில் இருந்தால் வருகிறவர்கள் தயங்குவதில்லை. குமருப் பிள்ளைகளின் விஷயத்தில் இன்னும் கவனம் வேண்டும். மருந்து கொடுக்குமிடத்தில் நிற்பவர் அவளுடைய மாமாவாக இருக்கலாம், வரிசையில் நிற்பது நாளைய சம்பந்தி வீடாக இருக்கலாம். கிளினிக் கொப்பியின் அட்டையில் நோயின் பெயரை எழுதாதீர்கள். பிள்ளையோடு தனியாகக் கதைக்கத்தான் வேண்டும். கதவைப் பாதி திறந்துவைத்து, பெண் தாதி ஒருவர் கண்ணுக்குத் தெரியும்படி இருந்தால், உம்மா வெளியே வாங்கில் நிம்மதியாக இருப்பார்.

புலமைப்பரிசில், சாதாரண தரப் பரீட்சைகள் நெருங்கும்போது மயங்கி விழும் பிள்ளைகள் வருவார்கள். பெரும்பாலும் ஓதிப் பார்த்த பிறகுதான் வருவார்கள். ஜின் என்று வீட்டில் முடிவாகியிருக்கும். 'நடிக்கிறாள்' என்ற சொல் உங்கள் வாயில் வரவே கூடாது, பிள்ளை நடிக்கவில்லை. அடுத்த தடவை வரும்போது போனில் வீடியோ எடுத்துவரச் சொல்லுங்கள். கண் திறந்திருந்ததா, இறுக்கி மூடியிருந்ததா, நாக்கின் ஓரம் கடிபட்டதா, எவ்வளவு நேரம் நீடித்தது? கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு நெடுநேரம் உதறினால் வலிப்பாக இருக்க வாய்ப்புக் குறைவு. அதை மட்டும் வைத்து முடிவு கட்டவும் முடியாது. மௌலவியோடு போட்டி போடுவதில் அர்த்தமில்லை. ஓதட்டும், தண்ணீர் ஓதிக் குடிக்கட்டும். அடிப்பதும், முகத்துக்குப் புகை காட்டுவதும், பட்டினி போடுவதும், வலிப்பு மாத்திரையை நிறுத்துவதும் கூடாது என்று அவரிடமே நேரில் போய்ச் சொன்னால் கேட்டுக்கொள்கிறார்கள். என்னிடம் பிள்ளைகளை அனுப்பிவைக்கும் மௌலவிமாரும் இருக்கிறார்கள்.

கடலைப் பற்றிக் கேட்க மறக்காதீர்கள். 2004 டிசம்பர் 26இல் இலங்கையில் சுனாமியில் ஆகக் கூடுதலான உயிர்களை இழந்தது எங்கள் அம்பாறை மாவட்டம்தான். பத்தாயிரத்துக்கும் மேல். அன்றைக்குப் பத்து வயதில் ஓடித் தப்பியவர்கள் இன்றைக்கு என் முன்னால் இருக்கும் உம்மாக்கள். 'பிள்ளை தனியப் படுக்குது இல்ல' என்று வரும் வீட்டில் சில வேளை தனியாகப் படுக்க முடியாதவர் உம்மாவாக இருப்பார். 2024 நவம்பர் வெள்ளத்தில் மாவடிப்பள்ளியில் மத்ரஸா மாணவர்கள் ஏறிவந்த உழவு இயந்திரம் அடித்துச் செல்லப்பட்டு உயிர்கள் போயின. அதற்குப் பிறகு மழை பெய்தால் பள்ளிக்கூடம் போகமாட்டேன் என்ற பிள்ளைகளைப் பார்க்கும்போதும் வீட்டில் வேறு யார் மழைக்குப் பயப்படுகிறார்கள் என்று கேட்க வேண்டியிருக்கிறது.

உம்மா வெளிநாட்டுக்கு வேலைக்குப் போயிருந்தால் அவரை வட்ஸ்அப்பில் எடுங்கள். சவூதியும் கட்டாரும் நம்மைவிட இரண்டரை மணித்தியாலம் பிந்தியவை. இங்கே காலை ஒன்பது என்றால் அங்கே ஆறரை, பலர் வேலை வீட்டின் குசினியில் நிற்கும் நேரம். குரல் பதிவாகவே பலர் அனுப்புகிறார்கள். அது நல்லது, பிள்ளை இரவில் திரும்பத் திரும்பக் கேட்கலாம். 'இந்த நோன்புக்கு வாறன்' என்று உறுதியில்லாமல் சொல்ல வேண்டாம் என்று மட்டும் கேட்டுக்கொள்வேன்.

பெனடோலை அளவுக்கு மிஞ்சி விழுங்கிய பிள்ளையை வார்டிலிருந்து அனுப்புவார்கள். "தெரியாமக் குடிச்ச" என்பார்கள். மார்க்கத்தில் பெரும் பாவம் என்பதால் வேறு எப்படிச் சொல்வார்கள்? கூடவே, "பொலிஸ் கேஸ் வருமா?" என்ற கேள்வி வரும். 1998இல் சட்டம் மாறியதிலிருந்து தற்கொலை முயற்சி இலங்கையில் குற்றமில்லை. அதைத் தெளிவாகச் சொல்லுங்கள், பாதிக் கதவு அங்கேயே திறக்கும். பிறகு மாத்திரைகளையும் வயலுக்கு அடிக்கும் மருந்தையும் பூட்டிவைக்கச் சொல்லுங்கள். பூட்டினால் மனசு மாறுமா என்று கேட்கும் வாப்பாமாருக்கு நாட்டின் கதையைச் சொல்வேன்: 1990களின் நடுவில் இலங்கை உலகிலேயே மிக உயர்ந்த தற்கொலை வீதமுள்ள நாடுகளில் ஒன்று. கடும் நஞ்சான பூச்சிமருந்துகளைத் தடை செய்யத் தடை செய்ய அந்த வீதம் பெருமளவு இறங்கியது. கோபம் தணியும் வரைக்கும் நஞ்சு கையில் அகப்படாமல் இருந்ததால் பிழைத்தவர்கள் எத்தனையோ பேர். சாவி உம்மம்மாவின் இடுப்பில் இருந்தால் எனக்கு நிம்மதி.

மருந்து எழுதும்போது பக்கத்து ஆஸ்பத்திரியில் என்ன இருக்கிறது என்று முதலில் கேளுங்கள். 2022 நெருக்கடியில் மருந்துத் தட்டுப்பாடு வந்தபோது நல்ல மருந்து என்பதற்கே அர்த்தம் மாறிவிட்டது, ஒவ்வொரு மாதமும் கிடைக்கும் மருந்துதான் நல்ல மருந்து.

நோன்பு மாதத்துக்கு முன்கூட்டியே ஆயத்தமாக வேண்டும். பருவமடையாத பிள்ளைக்கு நோன்பு கடமையில்லை, நோயாளிக்குச் சலுகை உண்டு. என்றாலும் பத்து வயதுக் குழப்படிக்காரனும் மூத்த காக்காவோடு சேர்ந்து நோன்பு பிடிக்க நிற்பான். நாளுக்கு இரண்டு வேளை வலிப்பு மாத்திரையைப் பெரும்பாலும் ஸஹர் சாப்பாட்டு நேரத்துக்கும் நோன்பு திறக்கும் நேரத்துக்கும் மாற்றிவிடலாம். பசியைவிடத் தூக்கம் குறைவதுதான் ஆபத்து. தறாவீஹ் தொழுகை முடிந்து வந்து விளையாடி, மறுபடி ஸஹருக்கு எழும்பும் பிள்ளைக்கு வலிப்பு வரலாம். முஸ்லிம் பாடசாலைகளுக்கு அந்த மாதம் விடுமுறை. குழப்படிக்குக் கொடுக்கும் மாத்திரையை வீட்டாரே நிறுத்திவிடுவார்கள், டீச்சரிடமிருந்து முறைப்பாடும் வராது. அதனால் நோன்புக்கு முந்திய ஷஃபான் மாத கிளினிக்கிலேயே, பெருநாள் கழிந்து பள்ளிக்கூடம் திறக்கும் கிழமைக்கு அடுத்த திகதியைக் கொப்பியில் எழுதி, உம்மம்மாவுக்கும் வாசித்துக் காட்டிவிட்டு அனுப்புங்கள்.