மேட்டுக்கு ஏறாமல் போன் பேசலாம்: பந்தலூர் வீடுகளுக்கு வைஃபை அழைப்பு

சேரம்பாடியிலோ அய்யன்கொல்லியிலோ இருக்கிற சொந்தக்காரங்களுக்கு ஆடி மாசத்துல போன் அடிச்சுப் பார்த்திருக்கீங்களா? முதல் தடவை, 'தொடர்பு எல்லைக்கு வெளியே' என்று வரும். இரண்டாவது தடவை ரிங் போகும். எடுத்தவுடனே, "ஹலோ... ஹலோ... இருங்க, மேட்டுக்கு வந்துடுறேன்" என்பார்கள். குடையைப் பிடித்துக்கொண்டு, அட்டை கடிக்கிற புல்வெளியில் நின்றுதான் நல்லது கெட்டது எல்லாம் பேச வேண்டும்.

பந்தலூர் தாலுகாவில் பல இடங்களில் இதுதான் நிலை. ஊட்டி மாதிரி திறந்த மேட்டுநிலம் இல்லை இது. தேவாலா, உப்பட்டி, எருமாடு, கொளப்பள்ளி என்று எங்கே போனாலும் ஒரு குன்று, ஒரு பள்ளம், மறுபடி ஒரு குன்று. டவர் ஒரு குன்றின் மேல் இருந்தால் அடுத்த குன்றின் அடிவாரத்து லைன் வீட்டுக்கு அலை இறங்காது. தேயிலைக்கு நடுவே நிற்கிற சில்வர் ஓக் மரங்களும் நனைந்த இலைகளும் இருக்கிற கொஞ்சத்தையும் குறைத்துவிடும். தாளூர், சோலாடி பக்கம் இருப்பவர்களுக்கு இன்னொரு வேடிக்கையும் உண்டு. போன் திடீரென்று எல்லைக்கு அந்தப் பக்கத்து கேரளா டவரைப் பிடித்துக்கொள்ளும்.

ஆனால் இதே வீடுகளில் இப்போது பைபர் இணைப்பு வர ஆரம்பித்துவிட்டது. டிவி ஓடுகிறது, பிள்ளைகள் ஆன்லைனில் படிக்கிறார்கள். நெட் இருக்கிறது, சிக்னல் இல்லை. அப்படியானால் அந்த நெட் வழியாகவே போன் பேச முடியாதா? முடியும். எதை மாற்றுகிறோம் என்று தெரிந்து மாற்ற வேண்டும், அவ்வளவுதான். தெரியாமல் மாற்றினால், அவசரத்துக்கு ஆம்புலன்ஸ் கூப்பிட முடியாத நிலைகூட வரலாம்.

மூன்றும் ஒன்றல்ல

'நெட் கால்' என்று பொதுவாகச் சொல்கிறோம். அதில் மூன்று வகை கலந்திருக்கிறது.

முதலாவது, உங்கள் சிம் எண்ணே வைஃபை வழியாகப் போவது. இதற்கு வைஃபை காலிங் என்று பெயர். போனில் எப்போதும் எண் அழுத்துகிற அதே திரை, அதே நம்பர், அதே ரீசார்ஜ். டவருக்குப் பதிலாக உங்கள் வீட்டு ரௌட்டர் வழியாக அழைப்பு கம்பெனியின் நெட்வொர்க்குக்குப் போய்ச் சேரும். எதிர்முனையில் இருப்பவருக்கு நெட்டே தேவையில்லை. பட்டன் போன் வைத்திருக்கிற பாட்டிக்கும் பேசலாம். ஏர்டெல் 2019 டிசம்பரிலும் ஜியோ 2020 ஜனவரியிலும் இதைக் கொண்டுவந்தன. பிஎஸ்என்எல் 2026 ஜனவரியில் நாடு முழுவதுக்கும் அறிவித்தது. மலையில் பிஎஸ்என்எல் சிம்மை விடாமல் வைத்திருக்கிறவர்களுக்கு இது நல்ல செய்தி.

இரண்டாவது, வாட்ஸ்ஆப் போன்ற ஆப்பிலிருந்து அதே ஆப்புக்குப் பேசுவது. இரண்டு பக்கமும் நெட் வேண்டும், இரண்டு பக்கமும் ஆப் வேண்டும்.

மூன்றாவது, இணையத்துக்கென்றே தனியாக ஒரு போன் எண் வாங்குவது. இந்தியாவில் பிஎஸ்என்எல் 2018 ஜூலையில் 'விங்ஸ்' என்ற பெயரில் இதை அறிமுகம் செய்தது. சிம் கார்டு இல்லாமல் ஆப்பில் ஒரு பத்து இலக்க எண், அறிமுகத்தின்போது வருஷத்துக்கு 1,099 ரூபாய். அமெரிக்காவில் இருக்கிற நம்ம பிள்ளைகள் சொல்கிற 'கூகுள் வாய்ஸ்' இந்த வகைதான். அது தருவது அமெரிக்க எண் என்பதால் பந்தலூரில் உட்கார்ந்துகொண்டு அதைத் தேட வேண்டியதில்லை.

வீட்டில் வைஃபை இருக்கிற, சிக்னல் இல்லாத குடும்பத்துக்கு என் யோசனை முதல் வகைதான். புது ஆப் கற்றுக்கொள்ள வேண்டாம், யாருக்கும் புது நம்பர் சொல்ல வேண்டாம்.

அமைப்பது எப்படி?

ஆண்ட்ராய்டு போன் என்றால் செட்டிங்ஸ் திறந்து, 'நெட்வொர்க்' அல்லது 'சிம் கார்டு' என்ற பகுதிக்குப் போங்கள். உங்கள் சிம்மின் பெயரைத் தொட்டால் உள்ளே 'வைஃபை காலிங்' என்று ஒரு வரி இருக்கும். அதை ஆன் செய்யுங்கள். கம்பெனிக்குக் கம்பெனி இடம் கொஞ்சம் மாறும். கிடைக்காவிட்டால் செட்டிங்ஸின் மேலே இருக்கிற தேடல் கட்டத்தில் 'வைஃபை காலிங்' என்று தேடினால் வந்து நிற்கும். ஐபோனில் செட்டிங்ஸ் போய், மொபைல் சர்வீஸ் என்ற பகுதியில் இதே பெயரில் இருக்கும். இரண்டு சிம் போட்டிருந்தால் இரண்டுக்கும் தனித்தனியாக ஆன் செய்ய வேண்டும். பலர் ஒன்றுக்கு மட்டும் செய்துவிட்டு, "வேலை செய்யலை" என்று விட்டுவிடுகிறார்கள்.

எங்கே தேடியும் அந்த வரியே இல்லை என்றால், உங்கள் போன் மாடலுக்கு அந்த வசதி இல்லாமல் இருக்கலாம், அல்லது சாப்ட்வேர் அப்டேட் செய்யாமல் இருக்கலாம். முதலில் அப்டேட் போட்டுப் பாருங்கள்.

ஆன் செய்த பிறகும் ஒரு சிக்கல் வரும். இதைப் பெரும்பாலும் யாரும் சொல்லித்தருவதில்லை. போனுக்கு ஒரு பிடிவாதம் உண்டு. ஒரே ஒரு கோடு சிக்னல் இருந்தாலும், 'டவர்தான் இருக்கே' என்று அதையே பிடித்துத் தொங்கும். வைஃபைக்கு மாறாது. பேச்சும் விட்டு விட்டுத்தான் கேட்கும். சில போன்களில் அதே இடத்தில் 'வைஃபைக்கு முன்னுரிமை' என்று தேர்வு இருக்கும், அதைப் போட்டுவிடுங்கள். அந்தத் தேர்வு இல்லாத போனில், விமானப் பயன்முறையை ஆன் செய்து, அதன் மேல் வைஃபையை மட்டும் மறுபடி ஆன் செய்யுங்கள். இப்போது போனுக்கு வேறு வழி இல்லை, வைஃபை வழியாகத்தான் போக வேண்டும். திரையின் மேல் பக்கத்தில் வைஃபை காலிங் அடையாளம் வந்துவிட்டால் சரி.

ஆனால் ஒன்று. விமானப் பயன்முறை போட்ட போனை அப்படியே பாக்கெட்டில் வைத்துக்கொண்டு காலையில் தோட்டத்துக்குக் கிளம்பிவிட்டால், வீட்டு வைஃபை எல்லையைத் தாண்டியதும் அந்தப் போனால் பேசவும் முடியாது, யாரும் உங்களைக் கூப்பிடவும் முடியாது. யானை வழியில் நிற்கிறது என்று வீட்டிலிருந்து சொல்ல நினைத்தாலும் சொல்ல முடியாது. இருட்டோடு வேலைக்குப் போகிறவர்கள் வாசல் தாண்டும்போதே அதை ஆஃப் செய்யும் பழக்கம் வைத்துக்கொள்ளுங்கள். வைஃபைக்கு முன்னுரிமை தருகிற தேர்வு இருந்தால் இந்தத் தொல்லையே இல்லை, வெளியே போனதும் போன் தானாக டவரைத் தேடிக்கொள்ளும்.

செலவு? வைஃபை காலிங்குக்குத் தனிக் கட்டணம் இல்லை. சாதாரண அழைப்பு போலவே உங்கள் பிளானில் கணக்காகும். நெட் நிமிடத்துக்கு சுமார் ஒரு எம்பி அளவுதான் போகும். வீட்டு பைபருக்கு அது ஒன்றுமே இல்லை.

ஓடிபி பற்றிக் கேட்பீர்கள். இ-சேவை, ஆதார், பேங்க் எல்லாவற்றுக்கும் ஓடிபி எஸ்எம்எஸ் வர வேண்டுமே! வைஃபை காலிங் ஆன் ஆகியிருந்தால் எஸ்எம்எஸ்ஸும் பெரும்பாலும் வைஃபை வழியாகவே வந்துவிடும். ஓடிபிக்காக மேட்டுக்கு ஓடுவதும், ஏறி முடிப்பதற்குள் நேரம் முடிந்துபோவதும் குறையும். வாட்ஸ்ஆப் மட்டும் வைத்திருந்தால் இந்த வசதி கிடைக்காது.

'இதை முதன்மை போன் ஆப் ஆக்கவா?'

போனில் சில ஆப்கள் நிறுவும்போதே இந்தக் கேள்வியைக் கேட்கும். நாம் படிக்காமலே சரி என்று தட்டிவிடுகிறோம். ஆண்ட்ராய்டில் ட்ரூகாலர் போன்றவை கேட்பது இதுதான்: இனிமேல் எண் அழுத்துகிற திரை, வருகிற அழைப்பைக் காட்டுகிற திரை, அழைப்புப் பட்டியல் எல்லாம் எங்களுடையதாக இருக்கட்டுமா என்பது. சரி என்றால் உங்கள் தொடர்பு எண்களும் அழைப்பு விவரங்களும் அந்த ஆப்புக்குத் தெரியும். தெரியாத எண் யாருடையது என்று காட்டுவது உபயோகம்தான், மறுக்கவில்லை. ஆனால் அதனால் சிக்னல் கூடாது. முகப்புதான் மாறும், அழைப்பு போகிற வழி பழைய டவர் வழிதான். சிக்னலுக்காக இந்த மாற்றத்தைச் செய்தவர்கள் ஏமாந்துதான் போவார்கள்.

ஐபோனில் 2024 டிசம்பரில் வந்த ஐஓஎஸ் 18.2 முதல், அழைப்புக்கான முதன்மை ஆப்பை நாமே தேர்வு செய்யலாம். வாட்ஸ்ஆப்பையும் அந்த இடத்தில் வைக்கலாம். வைத்துவிட்டால், ஒரு எண்ணைத் தொட்டவுடனே அழைப்பு வாட்ஸ்ஆப்புக்குப் போகும். குடும்பத்துக்குள் பேச சுகமாக இருக்கும். ஆனால் 04262 என்று தொடங்குகிற அலுவலக எண்ணைத் தொட்டால்? தரைவழி எண்ணில் வாட்ஸ்ஆப் இருக்காதே, அழைப்பு போகாது. வீட்டுப் பெரியவர்களின் போனில் இந்த மாற்றத்தைச் செய்துவிட்டு ஊருக்குக் கிளம்பிவிடாதீர்கள். அவர்களுக்கு எங்கே தவறு நடந்தது என்றே தெரியாது.

பழையபடி ஆக்க: ஆண்ட்ராய்டில் செட்டிங்ஸ், ஆப்ஸ், டீஃபால்ட் ஆப்ஸ், போன் ஆப். ஐபோனில் செட்டிங்ஸ், ஆப்ஸ், டீஃபால்ட் ஆப்ஸ், காலிங். அங்கே போனோடு வந்த பழைய ஆப்பையே மறுபடி தேர்வு செய்தால் போதும்.

112, 108

வாட்ஸ்ஆப்பில் 112-க்கோ 108-க்கோ பேச முடியாது. அந்த நிறுவனமே அதைச் சொல்லியிருக்கிறது. எவ்வளவு நெட் இருந்தாலும் அவசர அழைப்புக்குப் போனில் உள்ள சாதாரண எண் திரைக்குத்தான் வர வேண்டும். வீட்டில் எல்லோருக்கும், முக்கியமாக எதற்கும் வாட்ஸ்ஆப்பையே திறக்கிற பிள்ளைகளுக்கு, இதைச் சொல்லி வையுங்கள்.

112-க்கு ஒரு தனிச் சலுகை உண்டு. உங்கள் சிம்முக்கு சிக்னல் இல்லாவிட்டாலும் அந்த இடத்தில் வேறு கம்பெனி டவர் கிடைத்தால், அதன் வழியாக அழைப்பு போக வாய்ப்பு இருக்கிறது. 'அவசர அழைப்பு மட்டும்' என்று திரையில் வருவதன் அர்த்தம் அதுதான். அதனால் கோடே இல்லை என்று சும்மா இருந்துவிடாமல் 112 அழுத்திப் பாருங்கள். விமானப் பயன்முறையில் இருந்தால் முதலில் அதை எடுத்துவிட்டு அழுத்துங்கள்.

வைஃபை வழியாகப் பேசும்போது நீங்கள் எந்த டவருக்குப் பக்கத்தில் இருக்கிறீர்கள் என்பது எதிர்முனைக்குத் தெரியாமல் போகலாம். அதனால் இடத்தை வாயால் சொல்ல வேண்டும். கட்டுப்பாட்டு அறையில் இருப்பவர் சென்னையில் இருக்கலாம். "டான்டீ குடியிருப்பு, மேலே இருக்கிற வீடு" என்று சொன்னால் அவருக்கு என்ன புரியும்? மாவட்டம் நீலகிரி, தாலுகா பந்தலூர், பிறகு கிராமம், எஸ்டேட், டிவிஷன், லைன் எண், பக்கத்தில் உள்ள கோவிலோ பள்ளிக்கூடமோ, வண்டி எதுவரை வரும் என்பது. இந்த வரிசையில் ஒரு தாளில் எழுதி ரௌட்டர் பக்கத்தில் ஒட்டி வையுங்கள். பதற்றத்தில் சொந்த முகவரியே மறந்துபோகும். மழைக்கால மண்சரிவு, மரம் விழுந்தது போன்றவற்றுக்கு மாவட்டப் பேரிடர் எண் 1077-ஐயும் அதே தாளில் எழுதிக்கொள்ளுங்கள்.

கரண்ட் போனால்?

இந்த ஏற்பாட்டின் பலவீனம் இதுதான். மழையில் மரம் விழுந்து கரண்ட் போனால் ரௌட்டர் அணைந்துவிடும், வைஃபை காலிங்கும் கூடவே போய்விடும். ரௌட்டருக்கு என்றே சின்ன யூபிஎஸ் கடைகளில் கிடைக்கிறது. உங்கள் ரௌட்டர் அடாப்டரில் எத்தனை வோல்ட், எத்தனை ஆம்பியர் என்று எழுதியிருக்கிறதோ அதற்கு ஏற்றதாக வாங்க வேண்டும். அடாப்டரைக் கையோடு கடைக்கு எடுத்துப் போய்விட்டால் குழப்பம் இல்லை. பைபர் கேபிளே அறுந்துபோனால் யூபிஎஸ்ஸாலும் ஒன்றும் செய்ய முடியாது. அந்த நாளைக்கு மேடுதான் கதி. அதனால் சிக்னல் கிடைக்கிற இடம் எது என்று வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருக்கட்டும்.

ஹட்டனுக்கும் துபாய்க்கும்

1964-ஆம் ஆண்டு சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து திரும்பி வந்து, டான்டீ தோட்டங்களில் குடியேறிய குடும்பங்கள் இங்கே நிறைய. ஹட்டனிலும் நுவரெலியாவிலும் இன்னும் சொந்தம் இருக்கிறது. ஒரு காலத்தில் கடிதம்தான், அதற்குப் பிறகு எஸ்டிடி பூத்தில் மீட்டரைப் பார்த்துக்கொண்டே பேசியது. இப்போது அந்தப் பேச்சுக்கு வாட்ஸ்ஆப்தான் சரி. வைஃபை காலிங்கில் வெளிநாட்டு எண்ணை அழுத்தினால் சர்வதேசக் கட்டணமே கணக்காகும், மறந்துவிடாதீர்கள். ஐக்கிய அரபு அமீரகத்தில் இருப்பவர்களுக்கு வாட்ஸ்ஆப் அழைப்பு அங்கே தடை என்பதால், அந்த நாட்டில் அனுமதி பெற்ற போட்டிம் போன்ற ஆப்தான் வழி.

வெளிநாட்டு எண்ணிலிருந்து வாட்ஸ்ஆப்பில் வருகிற எல்லா அழைப்பும் சொந்தக்காரர்களுடையது இல்லை. போலீஸ் உடுப்பில் வீடியோ காலில் வந்து, "உங்களை டிஜிட்டல் கைது செய்திருக்கிறோம்" என்று மிரட்டினால் உடனே வைத்துவிடுங்கள். அப்படி ஒரு கைது சட்டத்தில் கிடையாது. பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930-க்குப் பேசுங்கள். பணம் போகவில்லை, சந்தேகம்தான் என்றால் மத்திய அரசின் சஞ்சார் சாத்தி ஆப்பில் அந்த எண்ணைப் புகார் செய்யலாம்.

எல்லாம் அமைத்து முடித்ததும் வெயில் இருக்கிற ஒரு நாளில் சோதித்துப் பாருங்கள். வீட்டுக்குள் சிக்னலே இல்லாத மூலைக்குப் போய் (பெரும்பாலும் சமையலறைதான்) பக்கத்து வீட்டுக்காரரை உங்களுக்கு அடிக்கச் சொல்லுங்கள். பிறகு ரௌட்டரை அணைத்துவிட்டு மறுபடி அடிக்கச் சொல்லுங்கள். முதல் தடவை ரிங் வந்து, இரண்டாவது தடவை வரவில்லை என்றால் உங்கள் வைஃபை காலிங் வேலை செய்கிறது. இரண்டு தடவையும் வந்தால் அந்த மூலையில் டவர் சிக்னல் இருக்கிறது, வேறு மூலையைத் தேடுங்கள். இரண்டு தடவையும் வராவிட்டால் செட்டிங்ஸை மறுபடி திறக்க வேண்டியதுதான்.