புரட்டாசி சனியில் மீன் வாடை

அன்பு மகள் கயல்விழிக்கு, சித்தப்பா எழுதுவது.

புதிதாகக் குடிபோன வீட்டில் பால் காய்ச்சிய படங்கள் வந்தன. உன் சித்தி கோலத்தைப் பார்த்தாள், குத்துவிளக்கைப் பார்த்தாள். என் கண் போனதென்னவோ அடுப்படி மேடைக்கு மேலிருந்த சுவிட்ச் போர்டுக்குத்தான். 38 வருஷம் வயர்மேனாக இருந்தவன் புத்தி அப்படி. பிளக் ஓட்டையைச் சுற்றிப் பழுப்பேறியிருக்கிறதே, அதை எண்ணெய்ப் பிசுக்கு என்று நினைத்திருப்பாய். ஈரமில்லாத துணியால் துடைத்துப் பார். போகாது என்றுதான் நினைக்கிறேன், அது சூட்டில் கருகிய கறை.

நீ கைக்குழந்தையாக இருந்தபோது நம் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். புரட்டாசி சனிக்கிழமை. பெருமாளுக்குத் தளிகை போட்டுப் பாட்டி கற்பூரம் ஏற்றப் போகிற நேரம், கூடமெல்லாம் மீன் கவிச்சி. பாட்டி முதலில் பக்கத்து வீட்டைத் திட்டினாள், அப்புறம் பூனையை. மோப்பம் பிடித்துக்கொண்டே போனால் வாடை ஹீட்டர் போர்டிலிருந்து வருகிறது. சுவிட்ச், பிளக் செய்கிற பிளாஸ்டிக்கில் சில ரகம் சூடேறினால் அப்படித்தான் நாறும். மெயினை அணைத்துவிட்டுக் கழற்றினேன். வயரின் தோல் உருகிச் செம்பு கறுத்துக் கிடந்தது. திருகு ஒரு அரைச்சுற்று முறுக்காமல் விட்டிருந்தது, அவ்வளவுதான். அந்தப் பாயிண்ட்டைப் போட்டது நான். இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை தாயி, பாட்டி கடைசிவரை எலி கடித்தது என்றே நம்பினாள்.

"எம்.சி.பி. இருந்தா விழுந்திருக்குமே சித்தப்பா" என்பாய். விழாது. அளவுக்கு மேல் கரண்ட் போனால் விழும், ஷார்ட் ஆனால் விழும். லூஸ் கான்டாக்டில் கரண்ட் கூடுவதேயில்லை. போகிற அதே கரண்ட் ஒரு நெருக்கமான இடுக்கில் திணறிப் போகிறது, அந்த இடம் மட்டும் சுடுகிறது. சுடச்சுட செம்பு கறுக்கும், கறுக்கக் கறுக்க இன்னும் சுடும். ஆர்.சி.சி.பி. 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே துண்டித்து ஆளைக் காப்பாற்றும் நல்ல சாமான்தான், கட்டாயம் போடச் சொல். ஆனால் இந்தத் திருட்டுச் சூடு அதற்கும் தெரியாது. நம் மூக்கும் கையும்தான் காவல். அரைமணி நேரம் சமைத்தபின் சுவிட்சை அணைத்து, ஈரமில்லாத கையால் பிளக் டாப்பைத் தொட்டுப் பார். வெதுவெதுப்பு பரவாயில்லை, கை எடுக்கிற சூடு ஆகாது. சுவிட்ச் போடும்போது சடசடவென்று சத்தம் வந்தாலும் அதே கதைதான்.

உன் இண்டக்ஷன் அடுப்பு 2000 வாட்ஸ். நம் 230 வோல்ட்டுக்குக் கணக்குப் போட்டால் 9 ஆம்பியருக்குச் சற்றுக் குறைவு. படத்தில் அது சின்னப் பிளக் பாயிண்ட்டில், தடித்த பின்னை ஒல்லியாக்கும் அந்த அடாப்டரோடு செருகியிருக்கிறது. அது 6 ஆம்பியர் பாயிண்ட் தாயி. பின் நுழைந்துவிட்டது என்பதற்காக வயர் தடித்துவிடாது. அடுப்புக்கும் ஹீட்டருக்கும் 16 ஆம்பியர் பாயிண்ட், போர்டிலிருந்து தனி லைன், குறைந்தது 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு. எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் போன் சார்ஜர் போடு, டேபிள் ஃபேன் போடு, அடுப்பை மட்டும் போடாதே.

பழைய வீடு, மெயினில் இன்னும் பீங்கான் பீஸ் கட்டைதான் என்றாய். பீஸ் போகும்போதெல்லாம் யாராவது ஒரு கெட்டிக்காரர் "நாலு இழை சேர்த்துச் சுத்திட்டா அப்புறம் போகவே போகாது" என்பார். உண்மைதான், பீஸ் போகாது. அதற்குப் பதிலாகச் சுவருக்குள்ளிருக்கும் வயர் போகும்.

மாப்பிள்ளையின் ஸ்கூட்டர் பேட்டரியை ராத்திரி வாசக்கதவை ஒட்டிச் சார்ஜ் போடுகிறாராமே. அவரிடம் நான் சொன்னதாகச் சொல்லாமல் பக்குவமாகச் சொல்: பகலில் போடட்டும், ஆள் விழித்திருக்கையில், வெளியேறும் வழியை விட்டுத் தள்ளி. எங்காவது தீப்பொறி கண்டால் மெயினை அணை, தண்ணீர் ஊற்றாதே. மெயின் பக்கம் போக முடியாவிட்டால் வெளியே வந்து 101க்கு அடி.

வீட்டு ஓனர் செலவுக்கு முனகினால் வாக்குவாதம் வேண்டாம். வருகிற ஞாயிறு டெஸ்டரும் ஸ்க்ரூ டிரைவருமாக நானே வருகிறேன், வயர்ச் சுருள் என் செலவு. அதுவரை கேஸ் அடுப்பில் சமை. சித்தி நார்த்தங்காய் ஊறுகாய் கொடுத்தனுப்புகிறாள்.

அன்புடன்,
சித்தப்பா