இரவல் வரைபடம்

நுழையும்முன்

ஒரு தொழில் தோன்றுவதற்குப் பொருளும் துணிவும் வேண்டும். அது நிலைப்பதற்கு இடையறாத கற்றல் வேண்டும். சென்னையில் ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் இயங்கிய மகிழுந்து நிறுவனம் ஒன்றின் எழுச்சியும் வீழ்ச்சியும் இதனை விளக்குகின்றன. பட்டாசுத் தொழிலை நம்பி வாழும் விருதுநகர் மாவட்டத்திற்கும் அவ்வரலாற்றில் ஒரு பாடம் உண்டு.

பெயர் ஒன்று, தொழில் இரண்டு

'ஸ்டாண்டர்டு' என்றதும் சிவகாசி வட்டார மக்களின் நினைவில் எழுவது பட்டாசு. அரை நூற்றாண்டுக்கு முன் சென்னையில் வாழ்ந்தோருக்கோ அச்சொல் ஒரு மகிழுந்தின் பெயரும் ஆகும். பெயரைத் தவிர இவ்விரு நிறுவனங்களுக்கும் தொடர்பில்லை. எனினும், மகிழுந்து ஆலை சந்தித்த கேள்வியைப் பட்டாசுத் தொழிலும் இன்று சந்திக்கிறது.

எழுச்சி

இங்கிலாந்தின் கவென்ட்ரி நகரில் 1903ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது ஸ்டாண்டர்டு மோட்டார் நிறுவனம். இரண்டாம் உலகப்போர் முடிவுற்ற காலத்தில் அது டிரையம்ஃப் நிறுவனத்தை வாங்கியது. 'ஸ்போர்ட்ஸ் கார்' எனப்படும், இருவர் அமரும் விரைவு மகிழுந்துகளால் டிரையம்ஃப் உலகப் புகழ் பெற்றது. அவற்றுள் ஒன்றான டி.ஆர்.2, 1953இல் வெளிவந்தது. அதற்கென முற்றிலும் புதியதோர் எஞ்சின் உருவாக்கப்படவில்லை. 'வேன்கார்டு' என்னும் குடும்ப மகிழுந்தின் எஞ்சினையே செம்மைப்படுத்திப் பொருத்தினர். அவ்வகை எஞ்சின் ஃபெர்குசன் டிராக்டரையும் இயக்கியது. ஒன்றை ஆழக் கற்றவர்கள் அதிலிருந்து பலவற்றை ஆக்கினர்.

அந்நிறுவனமும் சென்னையைச் சேர்ந்த யூனியன் கம்பெனி மோட்டார்ஸ் நிறுவனமும் இணைந்து, 1948இல் 'ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா' நிறுவனத்தைத் தோற்றுவித்தன. பெருங்களத்தூர் ஆலையிலிருந்து மகிழுந்துகள் புறப்பட்டன. உள்நாட்டிலேயே உதிரிப்பாகங்களை ஆக்காமல் வெறுமனே பொருத்தி விற்போர் விலக நேரும் என்னும் நிலையை நடுவண் அரசு 1953இல் உருவாக்கியது. ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் வெளியேறின. கல்கத்தாவில் இந்துஸ்தான், பம்பாயில் பிரீமியர், சென்னையில் ஸ்டாண்டர்டு என மூன்றே நிறுவனங்கள் மகிழுந்துச் சந்தையை ஆண்டன.

1961இல் சென்னையில் 'ஹெரால்டு' வெளிவந்தது. தனி அடிச்சட்டத்தின்மீது உடற்பகுதிகளைத் திருகாணிகளால் பொருத்தும் அமைப்பு அதனுடையது. ஆகவே, சிறிய ஆலைக்கும் ஏற்றதாக இருந்தது. அதே அடிச்சட்டத்தைக் குறுக்கி, 1962இல் 'ஸ்பிட்ஃபயர்' என்னும் விரைவு மகிழுந்தை ஆங்கிலேயர் படைத்தனர். சென்னைப் பொறியாளர்களோ, குடும்பங்களுக்கு ஏற்ற நான்கு கதவு ஹெரால்டை 1968இல் உருவாக்கினர். இங்கிலாந்தில் இல்லாத வடிவம் அது. இரவல் வரைபடத்தின்மீது நம்மவர் சொந்தமாக வரைந்த கோடு எனலாம்.

தேக்கம்

அந்தக் கோடு நீளவில்லை. எத்தனை வண்டிகள் ஆக்கலாம் என்பதை அரசின் உரிமம் வரையறுத்தது. 1969இல் விலையும் அரசின் கட்டுப்பாட்டிற்குள் வந்தது. ஈட்டம் குறைந்தபோது ஆய்விற்கான முதலும் குறைந்தது. போட்டியில்லாத சந்தையில் மாற்றத்திற்கான கட்டாயமும் எழவில்லை. இங்கிலாந்தில் 1971இல் ஹெரால்டின் ஆக்கம் நின்றது. சென்னையில் அதன் அடிப்படையிலேயே அமைந்த 'கெசல்' அடுத்த ஆண்டு வந்தது. 1973இல் பன்னாட்டுச் சந்தையில் எண்ணெய் விலை ஏறியதும் மகிழுந்து வாங்குவோர் தயங்கினர். 1970களின் பிற்பகுதியில் மகிழுந்து ஆக்கத்தைக் கைவிட்ட நிறுவனம், வேன்களைக்கொண்டு காலம் தள்ளியது.

வீழ்ச்சி

1983ஆம் ஆண்டு டிசம்பரில் மாருதி 800 வந்தது. எடை குறைந்த உடல், எரிபொருள் சிக்கனம், எளிய விலை ஆகியவற்றால் அது மக்களை ஈர்த்தது. 1985இல் ஸ்டாண்டர்டு தந்த விடை 'ஸ்டாண்டர்டு 2000'. அதன் உடல், 1976இல் இங்கிலாந்தில் வெளிவந்த ரோவர் எஸ்.டி.1 மகிழுந்தினுடையது. எஞ்சினோ வேன்கார்டின் வழித்தோன்றல். 1991 கன செ.மீ. கொள்ளளவுடைய அந்த எஞ்சின், முப்பது ஆண்டுகளுக்குமுன் டி.ஆர்.2 வண்டியை விரைந்தோடச் செய்த மரபைச் சேர்ந்தது. கனத்த புதிய உடலை இழுக்கையில் திணறியது. விலையும் எரிபொருள் செலவும் மிகுதி. 1988இல் ஆக்கம் நின்றது.

அரசின் கட்டுப்பாடுகள் நிறுவனத்தின் கையைக் கட்டின என்பது உண்மை. ஆயினும், கட்டு தளர்ந்த நாளிலும் அது நாடியது அயலாரின் பழைய வரைபடத்தையே.

சிவகாசிக்கு ஒரு கேள்வி

1920களின் தொடக்கத்தில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுத் திரும்பினர். அதுவும் பிறரிடம் பெற்ற அறிவே. ஆனால், அது சிவகாசியில் கிளைத்தது. தீப்பெட்டியைத் தொடர்ந்து பட்டாசு வந்தது. பெட்டிகளில் ஒட்டும் வண்ண லேபிள்களின் தேவை அச்சுத்தொழிலை வளர்த்தது.

இன்று அத்தொழில் புதிய நெருக்கடியில் நிற்கிறது. மாசு குறைந்த பட்டாசுகளையே ஆக்கவும் விற்கவும் வேண்டுமென உச்ச நீதிமன்றம் 2018ஆம் ஆண்டு அக்டோபர் 23 அன்று தீர்ப்பளித்தது. நாக்பூரிலுள்ள நீரி ஆய்வு நிறுவனம் பசுமைப் பட்டாசுக்கான கலவைமுறைகளை வகுத்தளித்தது. அவை சிவகாசிக்கு வந்துள்ள புதிய வரைபடங்கள். அவற்றை அப்படியே பின்பற்றுவதோடு நிற்பதா, மாசும் விபத்தும் மேலும் குறையும் வழிகளைத் தாமே கண்டறிவதா? மருந்து நிரப்பும் தொழிலாளியின் உயிரும், அவரை நம்பியிருக்கும் குடும்பத்தின் வாழ்வும் இதற்கான விடையைச் சார்ந்தவை. அதை எழுத வேண்டிய தலைமுறை இன்று வகுப்பறையில் அமர்ந்து வேதியியல் படித்துக்கொண்டிருக்கிறது.

தெரிந்து தெளிவோம்

இங்கிலாந்தில் 'ஸ்டாண்டர்டு' என்னும் மகிழுந்துப் பெயர் 1963இல் வழக்கொழிந்தது. அதன்பின் அப்பெயரைத் தாங்கி நின்றது சென்னை நிறுவனமே.

கற்பவை கற்றபின்

உங்கள் ஊரில் தழைத்த அல்லது நலிந்த தொழில் ஒன்றின் வரலாற்றை முதியோரிடம் கேட்டறிந்து, அதன் காரணங்களைக் கட்டுரையாக எழுதுக.